எந்தத் தேர்வு எதற்கு என்பதைக் கட்டணம் வாங்குமுன் சொல்லுங்கள்

ஐரோப்பிய விதிகளின்கீழ் விமானிகளை உருவாக்கும் பயிற்சிப் பள்ளிகளின் தலைமைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தியரி வகுப்பு எடுக்கும் ஆசிரியன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பயணிகள் விமானத்தில் துணை விமானியாக வேண்டும் என்று உங்களிடம் வரும் மாணவர், சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) நிலைத் தேர்வுகளை எழுதுவதா, ஏ.டி.பி.எல். (ஏர்லைன் விமானி உரிமம்) நிலைத் தேர்வுகளை எழுதுவதா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. பல இடங்களில் அந்த முடிவு, போதிய விளக்கம் ஏதுமின்றி, சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்வதோடு முடிந்துவிடுகிறது.

வான்சட்டம், வானிலையியல், நேவிகேஷன் என்று பாடப் பெயர்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், இரண்டும் ஒன்றுதான் என்று மாணவர் நினைப்பது இயல்பே. வேறுபாடு ஆழத்தில் இருக்கிறது. பயிற்சியைப் பகுதி பகுதியாக முடிக்கும் மாட்யுலர் முறையில் சி.பி.எல். தியரிக்கு 250 மணி நேரப் பாடம் போதும், ஏ.டி.பி.எல். தியரிக்கு 650 மணி நேரம் வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் (விமானத்தின் செயல்திறன்) பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஓடுபாதையில் விரையும் ஜெட் விமானத்தின் ஓர் எஞ்சின் செயலிழந்தால், எந்த வேகம்வரை பிரேக் போட்டு நிறுத்தலாம், எந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் மேலெழும்பியே ஆகவேண்டும் என்ற கணக்கை ஏ.டி.பி.எல். மாணவர் வரைபடங்களிலிருந்து எடுத்துப் பழகுகிறார், சி.பி.எல். மாணவரின் கவனமோ பெரும்பாலும் சிறு விமானங்களிலேயே நின்றுவிடுகிறது.

செலவும் காலமும் மிச்சம் என்று சி.பி.எல். தேர்வுகளைத் தேர்ந்தெடுக்கும் மாணவரைக் குறைசொல்ல மாட்டேன். பறக்கக் கற்றுக்கொடுக்கவோ, வான்வழிப் படப்பிடிப்பு போன்ற வேலைகளுக்கோ செல்பவருக்கு அது சரியான வழியாகவே இருக்கலாம். ஆனால் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்று இரு விமானிகள் இயக்கும் விமானத்துக்கான முதல் டைப் ரேட்டிங்கை, அதாவது அந்த விமான வகையை இயக்கும் தகுதியைப் பெற, ஏ.டி.பி.எல். தியரியில் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. சி.பி.எல். உரிமமும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (கருவிகளைக் கொண்டே பறப்பதற்கான தகுதி) கையில் இருந்தாலும் இதிலிருந்து விலக்கில்லை. அந்த நிலையில் ஏர்லைன் பக்கம் திரும்ப விரும்புபவருக்குப் பாட நேரத்தில் சலுகை கிடைக்கும். தேர்வு மண்டபத்தில் மீண்டும் உட்காரத்தான் வேண்டும். ஏ.டி.பி.எல். தாள்கள் 13-லும் தேறியவருக்கோ அந்தத் தேர்ச்சி சி.பி.எல்., இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இரண்டின் தியரிக்கும் செல்லுபடியாகிறது. இதை மாணவர் பணம் கட்டிய பிறகு, அதுவும் சக மாணவர் வாயிலாகத் தெரிந்துகொள்வது எந்தப் பள்ளிக்கும் அழகல்ல.

காலக்கெடுவையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் தாளை எழுதிய மாதத்தின் இறுதியிலிருந்து 18 மாதங்களுக்குள் எல்லாத் தாள்களிலும் 75 சதவீதம் பெற்றாக வேண்டும். ஒரு தாளுக்கு 4 வாய்ப்புகள்தாம். ஆகவே தேர்வு மையத்தில் இடம் கிடைத்தது என்பதற்காகத் தயாராகாத மாணவரை முதல் தாளுக்கு அனுப்பாதீர்கள். எல்லாத் தாள்களையும் ஒரே நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின்கீழ் எழுத வேண்டும் என்பதையும், 2020 இறுதிக்குப் பின் பிரிட்டனின் உரிமம் தனி, ஐரோப்பிய உரிமம் தனி என்பதையும் எந்த நாட்டில் வேலை தேடப்போகிறார் என்று கேட்டறிந்த பிறகு விளக்குங்கள்.

எந்தத் தேர்வு எந்த வேலைக்கு வழிவிடும், எதற்கு வழிவிடாது என்பதை மாணவரின் தாய்மொழியிலோ அவருக்கு நன்கு புரியும் மொழியிலோ ஒரே பக்கத்தில் எழுதி, முதல் தவணைக் கட்டணத்தைப் பெறுவதற்கு முன் அவரிடம் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் மாணவரின் கையொப்பத்தோடு உங்கள் கையொப்பமும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தியரி ஆசிரியர் ஒருவர்