ஒத்திகை இல்லாத இசை என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முன்கூட்டி எதையும் தீர்மானிக்காமல், மேடையிலேயே உருவாக்கிச் சோதனை முயற்சியாக இசைக்கும் கலைஞர்களின் நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி உங்கள் கலைப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். நிகழ்ச்சியைப் பற்றி எழுதியதற்கு முதலில் நன்றி, பெரும்பாலும் யாரும் எழுதுவதே இல்லை. ஆனால் "எந்த ஒத்திகையும் இல்லாமல் மனம் போன போக்கில் வாசித்தார்கள்" என்ற வரி என்னை ரொம்பவே உறுத்தியது. இந்த மாதிரி சின்னக் கூடங்களில் மைக் வைத்து ஒலியமைப்பு செய்து கொடுப்பதுதான் என் வேலை. வாசிக்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மனம் போன போக்கில் வாசிப்பவர் அந்த மேடையில் ஐந்து நிமிடம்கூடத் தாங்க மாட்டார், கூட வாசிக்கிறவர்களே விலகிக்கொள்வார்கள்.

என்ன நடக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு நிகழ்ச்சியில் கூடத்தின் ஏசி விடாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது, அதை அணைக்கவும் வழியில்லை. டபுள் பாஸ் (ஆளுயரத்துக்கு நிற்கும், வயலின் மாதிரியான வாத்தியம்) வாசிக்கிறவர் ஒலி சரிபார்க்கும்போதே அந்த ரீங்காரத்தின் சுருதியைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டார். நிகழ்ச்சி தொடங்கியதும் அதற்கு ஒரு இழை கீழே வில்லை இழுத்தார். இரண்டு சுருதிகள் கிட்டத்தட்ட ஒன்றாகவும் முழுக்க ஒன்றாகாமலும் இருந்தால் ஒலி அலை அலையாகப் பெருகிக் குறையும். ஒன்று நொடிக்கு 120 அதிர்வு, இன்னொன்று 117 என்றால் நொடிக்கு 3 முறை அந்தத் துடிப்பு கேட்கும். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறவர்கள் இந்தத் துடிப்பு அடங்கும் வரை பிருடையைத் திருகுவார்கள் இல்லையா, இவர் அதை அடங்கவிடாமல் பிடித்து, விரலைக் கொஞ்சமே கொஞ்சம் நகர்த்தி அதன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டினார். தொந்தரவு என்று நாங்கள் எல்லோரும் நினைத்த சத்தம் அவருக்குத் தாளமாகிவிட்டது. டிரம்ஸில் இருந்தவர் அதைக் கேட்டதும் கையில் எடுத்த குச்சிகளைத் திரும்ப மடியில் வைத்துவிட்டார். வெகு நேரம் ஒன்றும் வாசிக்கவில்லை. அன்று நான் கேட்டதிலேயே சிறந்தது, வாசிக்காமல் இருப்போம் என்று அவர் எடுத்த அந்த முடிவுதான், அது அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை.

வீட்டில் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? சாக்ஸபோன்காரர் கன்னத்தில் காற்றை அடக்கி அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கப் பழக வேண்டும், நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவர்கள் செய்வதுபோல. அப்புறம் ஒரே ஊதலில் இரண்டு மூன்று சுருதிகள் சேர்ந்து வரும்படி விரல் பிடிப்பும் உதட்டின் அழுத்தமும் உண்டு. ஒவ்வொரு பிடிப்பையும் தனித்தனியாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், சீவாளியை மாற்றினால் பாதி மாறிவிடும், திரும்பவும் தேட வேண்டும். இதையெல்லாம் கையில் தயாராக வைத்துக்கொண்டு, எப்போது எடுப்பது என்று தெரியாமலேயே மேடையேறுகிறார்கள். அன்றைக்கு வாசிக்கப் போவதை அச்சு அசலாக முன்கூட்டி வாசித்துப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். அதை வைத்துத் தயாரிப்பே இல்லை என்று சொன்னால், மேடையிலேயே ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துக் கல்பனாஸ்வரம் பாடுகிற வித்வானும் தயாரிப்பு இல்லாமல் வந்தவர் என்றாகிவிடும். அவருக்கு ராகமும் தாளமும் கேட்பவர்களின் பழக்கமும் துணைக்கு இருக்கின்றன. இவர்களுக்கு அந்தத் துணையும் இல்லை. அடுத்தவர் என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருப்பது மட்டும்தான் பிடிமானம்.

டெரெக் பெய்லி என்ற ஆங்கிலேய கிதார் கலைஞரைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். நடன இசைக்குழுக்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் கூலிக்கு வாசித்துக்கொண்டிருந்தவர், 1960களில் அதிலிருந்து விலகி முன்தீர்மானமே இல்லாத வாசிப்புக்கு வந்தார். வயதான காலத்தில் வலது கை விரல்கள் ஒத்துழைக்கவில்லை, கம்பியை மீட்டும் சின்னத் தகட்டைப் பிடிக்க முடியவில்லை. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கட்டை விரலால் வாசிக்கப் பழகினார். பழகப் பழக, வாரங்கள் போகப் போக, வாசிப்பு எப்படி மாறுகிறது என்பதையே பதிவு செய்து 2005இல் இசைத்தட்டாக வெளியிட்டார், அதே ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார். எழுபதைத் தாண்டிய பிறகு ஒரு மனிதர் தன் கைக்குப் புதிதாகப் பாடம் எடுத்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டோக்கியோவில் ஆஃப் சைட் என்று ஒரு சின்ன இடம் 2000 முதல் 2005 வரை இருந்தது. சுவர்கள் மெலிது, பக்கத்திலேயே குடியிருப்புகள், சத்தமாக வாசிக்க முடியாது. அதனால் மிக மெல்லிய ஒலிகளை வைத்தே வாசிக்கத் தொடங்கினார்கள், அந்தப் பாணியை உலகமே திரும்பிப் பார்த்தது. இடம் இசையை அந்த அளவுக்கு மாற்றும். உங்கள் குறிப்பிலோ கூடம் எப்படி ஒலித்தது என்று ஒரு வார்த்தை இல்லை. கிதாரைப் படுக்க வைத்து ஸ்பிரிங்கால் தேய்த்தார் என்பது மட்டும் இரண்டு முறை வந்தது. கிதாரை மேசையில் படுக்க வைப்பது லண்டனில் 1965இல் தொடங்கிய, இதே மாதிரி வாசிக்கும் ஏஎம்எம் என்ற இசைக்குழுவின் கிதார் கலைஞர் கீத் ரோ அந்தக் காலத்திலேயே செய்தது, அதில் இன்று செய்தி ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கலைஞர்களே நாற்காலி போடுகிறார்கள், ஆம்ப்ளிஃபயர் தூக்குகிறார்கள், வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறார்கள், வந்த பணத்தைப் பங்கிட்டால் போய்வந்த செலவுக்கே பல நாள் போதாது. எங்கேயும் இதே கதைதான். சிகாகோவில் 1965இல் கறுப்பினக் கலைஞர்கள் ஏஏசிஎம் என்ற சங்கத்தைத் தொடங்கி, நிகழ்ச்சிகளைத் தாங்களே நடத்தி, இளைஞர்களுக்கு இலவசமாக இசை சொல்லிக் கொடுத்தார்கள். பெய்லியும் நண்பர்களும் 1970இல் சொந்தமாக இன்கஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியதும் இப்படித்தான்.

எல்லாம் அருமை என்று எழுதச் சொல்லவில்லை. சப்பென்று போகிற நிகழ்ச்சிகளும் உண்டு. சிலர் தங்களுக்குப் பழகிப்போன நாலு வித்தைகளையே ஊருக்கு ஊர் இறக்குகிறார்கள், சிலர் அடுத்தவரைக் கேட்பதே இல்லை, சிலர் முடிக்கத் தெரியாமல் நல்ல இடத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டே போய்விடுவார்கள். அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். நன்றாகக் கேட்டுவிட்டு எழுதிய கண்டனம் வாசிக்கிறவர்களுக்குப் பாராட்டைவிட உதவும், அவர்களே என்னிடம் கேட்பது அதைத்தான்: எங்கே விட்டோம் சொல்லுங்கள் என்று.

அடுத்த நிகழ்ச்சிக்கு உங்கள் விமர்சகரை முதல் வரிசைக்கு அனுப்பி வையுங்கள், கடைசி வரை உட்காரச் சொல்லுங்கள். யார் தொடங்கினார், யார் பின்தொடர்ந்தார், எந்த இடத்தில் கைவிட்டார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். முடிந்தால் மறுவாரமும் வரட்டும், அதே ஆட்கள் வேறு ஆட்களோடு எப்படி வாசிக்கிறார்கள் என்று தெரியும். நிகழ்ச்சி அறிவிப்பையும் முந்தின நாளே போட்டால், படித்துவிட்டு நாலு பேர் கூடுதலாக வருவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்