சிக்னலுக்குக் காது முளைத்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆம்புலன்ஸ் வந்தால் சிக்னலுக்கு எப்படித் தெரிகிறது என்று போன இதழில் ஒருவர் கேட்டதற்கு, "சைரன் சத்தம் கேட்டதும் தானாகவே பச்சையாகிவிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் சென்னையில் பத்தொன்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். காதுள்ள சிக்னல் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

எனக்குப் பச்சை விழுந்ததெல்லாம் வெயிலில் நின்ற காவலர் ஓடிப்போய்க் கம்பத்துப் பெட்டியைத் திறந்து கையால் மாற்றியதில்தான். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் கதை முடிந்தது. ஒருமுறை பூந்தமல்லி நெடுஞ்சாலையில், உள்ளே ஒரு பாட்டிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்க, முன்னால் நின்ற கார்க்காரர் கோட்டைத் தாண்டினால் அபராதம் வரும் என்று நகரவே இல்லை. வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் என்று 2019 திருத்தச் சட்டத்தில் வந்ததை அவருக்கு யார் சொல்வது? அதை எழுதச் சொல்லி அப்போதே கடிதம் போட்டேன். நீங்கள் போட்டதோ, காலி ஆம்புலன்ஸ் சைரன் அடித்துக்கொண்டு பறப்பதாக ஒரு ஜோக்.

சைரனைக் கேட்கிற கருவியும் உலகத்தில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது விசாரித்தேன். அங்கே பல ஊர்களில் வண்டியின் மேலுள்ள விளக்கு நொடிக்குச் சுமார் 14 முறை சிமிட்டுகிறது, கம்பத்தில் இருக்கும் கண் அந்தக் கணக்கை வைத்துத்தான் ஆம்புலன்ஸ் என்று நம்புகிறது. சுமார் 10 முறை என்றால் பஸ், அதற்குச் சலுகை கொஞ்சம்தான். இப்போது ஜிபிஎஸ் பார்த்து ரேடியோவில் சொல்லிவிடுகிற வண்டிகளும் வந்துவிட்டன. அப்படியும் சட்டென்று பச்சை விழாது, குறுக்கே வருகிறவர்களுக்கு மஞ்சள் காட்டி நிறுத்தின பிறகுதான்.

அப்புறம், ஹெட்லைட்டை டிம் டிப் அடித்தாலும் மாறும் என்று அடுத்த வாரம் எழுதிவிடாதீர்கள். என் மருமகனே அப்படி நம்பிக்கொண்டிருந்தார், நொடிக்கு 14 முறை அடிக்கும் விரல் வேண்டுமே! அந்தச் சிமிட்டுகிற விளக்கைச் சொந்தக் காரில் வைத்து ஏமாற்றினால் 2005-ல் வந்த சட்டப்படி அமெரிக்காவில் ஜெயில்கூட உண்டு.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம். இடமில்லை என்றால் ராசிபலனில் கன்னியை எடுத்துவிடுங்கள். அது என் ராசிதான், பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர், சென்னை