பேட்டரி இல்லாத மண் மீட்டரின் தவறான பிஎச் அளவு குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பணத்தைத் திருப்பித் தரவும், பெட்டியிலும் கையேட்டிலும் உள்ள தகவலைத் திருத்தவும் கோருதல்

ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய ஈரம், வெளிச்சம், பிஎச் (மண்ணின் அமில, காரத் தன்மையின் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) மூன்றும் காட்டும் மீட்டரின் பெட்டியில் 'துல்லியமான பிஎச்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இந்தக் கருவியால் அது முடியாது.

இதன் இரண்டு கம்பிகளும் வெவ்வேறு உலோகம். ஈர மண்ணில் குத்தியதும் அவை சிறு மின்கலமாகின்றன. அதில் வரும் மின்னோட்டத்துக்குத்தான் முள் அசைகிறது. ஈரமும் உப்பும் கூடினால் மின்னோட்டம் கூடும், முள் அமிலப் பக்கம் ஓடும். ஒரே தொட்டி மண்ணில் லேசான ஈரத்தில் 7.5 காட்டியது, சேறாக்கியதும் 6.5-க்கு இறங்கியது. ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டதும் இன்னும் கீழே போனது. உப்பால் மண்ணின் பிஎச் அவ்வளவு இறங்காது.

அதே மண்ணை நிழலில் உலர்த்திச் சலித்து, 20 கிராமுக்கு 50 மில்லி காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுவிட்டுக் கலக்கி, கண்ணாடி மின்முனை மீட்டரில் அளந்தோம். பிஎச் 4, 7, 9.2 என்று தெரிந்த கரைசல்களில் சரிபார்த்த மீட்டர் அது. காட்டியது 8.4. உங்கள் அளவுகோலோ 8-லேயே முடிந்துவிடுகிறது! பிஎச் 8.5-ஐத் தாண்டும் களர் மண் (சோடியம் மிகுந்த கார மண்) தமிழ்நாட்டில் பல இடங்களில் உண்டு. அதை இந்த முள் எப்படிக் காட்டும்?

இதைவிட மோசம் கையேடு. 'முள் 6.5-க்குக் கீழே வந்தால் சுண்ணாம்பு இடவும்' என்கிறது. உரம் போட்டு நீர் பாய்ச்சிய எந்தத் தொட்டியிலும் முள் அங்கே வரும். நம்பிச் சுண்ணாம்பு போட்டால் கார மண் மேலும் காரமாகும். இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காது. இளந்தளிரில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்ற பகுதி வெளுத்துப் போகும். அதைப் பார்த்து இன்னும் உரம் போடுவார்கள், முள் இன்னும் இறங்கும். ஒரு தடவை போட்ட சுண்ணாம்பைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

ஈரம் பார்க்க இது ஓரளவு உதவும். அப்படியே சொல்லி விற்கலாம். பெட்டியிலிருந்து பிஎச் என்பதை நீக்குங்கள், சுண்ணாம்புப் பரிந்துரையை உடனே எடுங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் இதைத் தெரிவியுங்கள். முழுத் தொகையையும் 15 நாளுக்குள் திருப்பித் தரவும். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். ரசீது நகலும் அளவீட்டுப் படங்களும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
மாடித்தோட்டக் குழுவினர்