2035-ஐப் பற்றிச் சொல்வதை எழுதி வையுங்கள்

பினாங்கில் எதிர்காலத் தொழில்நுட்பம் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கடந்த ஆண்டு உங்களில் ஓர் அமைப்பு நடத்திய கருத்தரங்கில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருந்தேன். செயற்கை நுண்ணறிவு, மின்சார வாகனம், முதியோர் பெருகும் சமுதாயம் என்று ஆறு பேர் நன்றாகவே பேசினார்கள். வீடு திரும்பிக் குறிப்பேட்டைப் புரட்டினேன். "பெரும் மாற்றம் வரும்", "நம் இளைஞர்கள் தயாராக வேண்டும்" என்பவைதாம் பக்கம் முழுவதும் இருந்தன. எந்த வேலை போகும், எந்த ஆண்டுக்குள், யார் வீட்டுப் பிள்ளைக்கு என்று ஒரு வரிகூட இல்லை. பத்தாண்டு கழித்து அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால், சொன்னது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இதுதான் என் மனத்தாங்கல்.

நான் மலேசியாவின் தென் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார். எழுபதுகளில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர் பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "பழைய மரத்தைச் சாய்த்த இடத்துக்குச் செம்பனைக் கன்று வந்து இறங்குகிறது. அதற்கு இத்தனை ஆள் வேண்டாம்." அப்பா பதில் சொல்லவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மற்றவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளில் நாங்கள் பட்டர்வொர்த்தில் ஒரு புறம்போக்குக் குடிசையில் இருந்தோம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் இயற்கை ரப்பர் கிடைக்காமல் போன அமெரிக்கா, செயற்கை ரப்பர் ஆலைகளை அடுக்கடுக்காகக் கட்டியது. எங்கள் லயத்தின் விதி அப்போதே அசையத் தொடங்கிவிட்டது என்பதை நான் ஆசிரியையான பிறகுதான் படித்து அறிந்தேன். சந்தையைப் படித்தவருக்கு விலை எங்கே போகும் என்று தெரிந்திருந்தது. அம்மாவுக்கு நாற்றுமேடை தெரிந்திருந்தது. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதே இல்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர் பணத்தைத் திரட்டியே தோட்டங்களை வாங்கினார். காலத்தின் குறிப்பை உணர்ந்து அதற்கேற்பச் செயல்பட்டவர் அவர். அப்படிப்பட்டவர்கள் நமக்குள் மிகச் சிலரே.

என் அக்கா படகேறிப் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலைக்கு வேலைக்குப் போனார். பாலம் திறக்கப்படாத காலம். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லின்மேல் பொருத்துகிற வேலை. ஒரு நாள் அந்தக் கூடத்தின் மூலையில் அதே வேலையைச் செய்யும் புதிய இயந்திரம் ஒன்றை வைத்து மாதக்கணக்கில் சோதித்தார்கள். "பார்த்த அன்றே எங்களுக்குப் புரிந்துவிட்டது" என்று அக்கா இன்றும் சொல்வார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

2020-க்குள் மலேசியா வளர்ந்த நாடாக வேண்டும் என்ற 2020 தொலைநோக்கு 1991-இல் அறிவிக்கப்பட்ட பிறகு, எங்கள் பள்ளி ஓவியப் போட்டிகளில் ஆண்டுதோறும் பறக்கும் கார்கள்தாம். நானும் பரிசு கொடுத்திருக்கிறேன். 2020 வந்தபோது பள்ளிகளே மூடிக் கிடந்தன. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பாடத்துக்குப் பயன்படுத்திய வீடுகளை நான் அறிவேன். அந்தப் படத்தை எந்தப் பிள்ளையும் வரைந்திருக்கவில்லை, பெரியவர்களான நாமும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

ஆகவே கருத்தரங்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதை நடத்தும் விதம் மாற வேண்டும் என்று கேட்கிறேன். 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் ஓலாஃப் ஹெல்மரும் நார்மன் டால்கியும் டெல்பி முறையை உருவாக்கினார்கள். வல்லுநர்களை ஒன்றாக உட்கார வைக்காமல், தனித்தனியே ஒரே கேள்வியை அனுப்புவார்கள். விடைகளைப் பெயரில்லாமல் தொகுத்து எல்லாருக்கும் திருப்பி அனுப்புவார்கள். மற்றவர்களிடமிருந்து விலகி நிற்பவர் காரணம் எழுத வேண்டும். அதைப் படித்து யாரும் தம் விடையை மாற்றிக்கொள்ளலாம். இப்படிச் சில சுற்றுகள். இது நமக்கு ஏன் தேவை என்று உங்களுக்கே தெரியும். முன்வரிசையில் பொன்னாடை போர்த்தப்பட்ட, டத்தோ பட்டம் பெற்ற பெரியவர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எழுந்து மறுப்பவர் யார்? மரியாதை நம் பண்பு, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணிப்புக்கு அது கேடு.

ஜப்பான் 1971 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படிப் பெரிய அளவில் வல்லுநர்களிடம் கேட்டு வருகிறது. பழைய கணிப்புகளில் எவை பலித்தன என்று திரும்ப எடுத்துச் சரிபார்க்கவும் செய்கிறது. பிலிப் டெட்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 284 வல்லுநர்களின் கணிப்புகளைச் சுமார் இருபது ஆண்டுகள் சேகரித்து ஒப்பிட்டார். ஒரே பெரிய கருத்தைப் பிடித்துக்கொண்டு அடித்துச் சொன்னவர்களைவிட, பலவற்றையும் எடைபோட்டுத் தயங்கிச் சொன்னவர்களே அதிகம் சரியாக இருந்தார்கள். மேடையிலோ தயங்கிப் பேசுபவருக்குக் கைதட்டல் விழுவதில்லை.

அடுத்த கருத்தரங்குக்கு ஒரு மாதம் முன்பே கேள்விகளை அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் ஆண்டும் அளவும் இருக்கட்டும். பேராசிரியரோடு, பாயான் லெப்பாஸில் இருபது ஆண்டு இரவு வேலை பார்த்த பெண்மணி, பிறைத் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றும் லாரி ஓட்டுநர், மருத்துவமனைத் தாதி ஆகியோரையும் விடையளிப்பவர் பட்டியலில் சேருங்கள். மூலையில் வைத்த இயந்திரத்தை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தாம். 2024-இல் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்கப்போவதாகச் சொல்கிறது. அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர், இடைநிலைப் பள்ளியின் எந்தப் படிவத்திலேயே கணிதத்தை விட்டுவிடுகிறார்கள் என்று என்னைப் போன்ற ஆசிரியர்களைக் கேளுங்கள். விடைகளை ஓர் ஏட்டில் எழுதி நூலகத்தில் வையுங்கள். ஐந்தாம் ஆண்டில் அதே மண்டபத்தில், அதே ஆட்கள் முன்னிலையில் அதைத் திறந்து வாசியுங்கள். தவறியவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏன் தவறியது என்று அவர் சொல்லும் அரை மணி நேரம், நான் அன்று கேட்ட ஆறு உரைகளையும்விட எனக்குப் பயன்படும்.

ஒரு கேள்வியை நானே எழுதி அனுப்புகிறேன். 2035-இல் பட்டர்வொர்த் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் முதலாம் ஆண்டில் சேரும் மாணவர் எண்ணிக்கை இப்போதைவிடக் கூடுமா, குறையுமா? குறையும் என்பது என் விடை. பத்துக்கு எட்டு என்ற அளவில் நம்புகிறேன். குடும்பத்துக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள், இளம் தம்பதிகள் வேலையை ஒட்டி வேறு ஊர் போகிறார்கள். இது பொய்த்துப்போக வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பட்டர்வொர்த்