ஆன்லைன் பரதநாட்டிய வகுப்பு: வீட்டில் செய்யவேண்டிய ஏற்பாடுகள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியின் நாட்டிய டீச்சர் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளைப் பாதியில் விட மனமில்லாமல், சனி, ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு ஆன்லைனில் வகுப்பைத் தொடர ஒப்புக்கொண்டிருக்கிறார். கட்டணத்தில் மாற்றம் இல்லை.

வெள்ளோட்டமாக நடந்த வகுப்பில் நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பாதி வீடுகளில் திரையில் தெரிந்தது பிள்ளையின் நெற்றியும் மின்விசிறியும்தான். "கால் தெரியலடா கண்ணா, இன்னும் கொஞ்சம் பின்னாடி போ" என்று டீச்சர் சொல்லச் சொல்ல, ஒரு சிறுமி போய்க்கொண்டே இருந்து பீரோவில் முதுகு முட்டி நின்றாள். அப்போதும் முழங்கால் வரைதான் தெரிந்தது. இன்னொரு வீட்டில் பாட்டி போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேரனைப் பின்தொடர்ந்தார். பத்து நிமிடத்தில் அவருக்குக் கை கடுத்துவிட்டது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது முக்கியமாக ஒன்றுதான்: பிள்ளையின் பாதம் டீச்சர் கண்ணில் பட வேண்டும். அரைமண்டியில், அதாவது முழங்கால்களை இருபுறமும் விரித்து மடக்கிப் பாதி உட்காரும் நிலையில், முழங்கால், பாதம் நோக்கும் திசையிலேயே விரிய வேண்டும். பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிவிட்டு முழங்கால் முன்னால் சரிந்தால், நாளடைவில் மூட்டு வலிக்கும். நேரில் என்றால் டீச்சர் பார்த்த மாத்திரத்தில் திருத்திவிடுவார். திரையில் கால் தெரியாவிட்டால் தவறு அப்படியே பழகிப்போகும்.

நாட்டியம் கற்பிக்கும் ஆசான்களான நட்டுவனார்கள் தரையில் அமர்ந்து, தட்டுக்கட்டையில் கழியைத் தட்டித்தான் காலங்காலமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற பெரிய ஆசான்கள் உருவாக்கிய மாணவர்கள் எல்லாம் அப்படிக் கற்றவர்களே. உட்கார்ந்திருப்பவரின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ, அதுதான் போனுக்கும் சரியான உயரம். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நான்கைந்து புத்தகங்களை அடுக்கி, போனைப் படுக்கைவாட்டில் சாய்த்து வையுங்கள். பிள்ளை எட்டிலிருந்து பத்தடி தள்ளி நிற்கட்டும். கையை உயர்த்தினால் விரல் நுனியும், கீழே பாதமும் திரைக்குள் அடங்க வேண்டும். பிள்ளைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கரிய உருவம்தான் தெரியும். வெளிச்சம் முன்னாலிருந்து விழ வேண்டும். டிவியில் இணைக்க முடிந்தால் பிள்ளைக்கு டீச்சரின் முத்திரைகள் நன்றாகத் தெரியும், ஆனால் அது கட்டாயமில்லை. இதற்கென்று புது போன் வாங்கவே வேண்டாம்.

தரை விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. நம் வீடுகளில் டைல்ஸோ கிரானைட்டோ, அடியில் இருப்பது கான்கிரீட். முழுப் பாதத்தால் ஓங்கித் தட்டும்போது அதிர்ச்சி முழுதும் கெண்டைக்கால் எலும்புக்கும் முழங்காலுக்கும் ஏறும். அதற்காக மெத்தையோ யோகா விரிப்போ போட்டுவிடாதீர்கள்: மெத்தையில் கால் அமுங்கும், யோகா விரிப்பு பாதத்தைப் பிடித்துக்கொள்வதால் திரும்பும்போது மூட்டு முறுகும். ஜமுக்காளமும் பாயும் வழுக்கும். வசதி இருப்பவர்கள் முக்கால் அங்குல பிளைவுட் பலகை ஒன்றை, பழைய ரப்பர் விரிப்பின் மேல் ஆடாமல் பதித்துப் போடலாம். எட்டுக்கு நான்கு அடி பலகையில் பாதி இருந்தாலே நின்ற இடத்தில் தட்டும் தட்டடவுக்குப் போதும் (அடவு என்பது ஆட்டத்தின் அடிப்படை அசைவு). காலை நீட்டும் நாட்டடவுக்கு அது பற்றாது. பலகை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மெதுவாகத் தட்டினால் போதும், சத்தம் கேட்பதைவிட அரைமண்டி நிற்பதே முக்கியம் என்கிறார் டீச்சர். வகுப்புக்குச் சற்று முன்பு வீடு துடைக்காதீர்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

அடுத்தது தாளம். டீச்சர் தட்டும் ஓசை இணையம் வழியே உங்கள் வீட்டுக்கு வரச் சற்று நேரமாகும். உங்கள் பிள்ளையின் அசைவு அவரிடம் திரும்பிப் போகவும் அதே போலத் தாமதமாகும். அதனால் சரியாக ஆடும் பிள்ளைகூட அவருக்குப் பின்தங்குவதுபோல் தெரியும். இதற்கு அவர் ஒரு வழி கண்டிருக்கிறார். சொல்லுக்கட்டுகளை, அதாவது அடவுக்குச் சொல்லும் தாளச் சொற்களை, மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பிள்ளையின் முறை வரும்போது வீட்டிலுள்ள இன்னொரு போனில் அதை ஒலிக்கவிட்டு ஆடினால், ஓசையும் அசைவும் சேர்ந்தே அவரிடம் போய்ச் சேரும். ஜூம் செயலி தட்டுக்கழி ஓசையை இரைச்சல் என்று எண்ணி வடிகட்டிவிடுகிறது. அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போட்டுவைத்தால் அது நடக்காது. மற்ற நேரங்களில் மைக் அணைந்தே இருக்கட்டும். வெள்ளோட்டத்தன்று 'தை யா தை' நடுவே ஒரு வீட்டுக் குக்கர் மூன்று விசில் விட்டதில் வகுப்பே சிரித்துவிட்டது.

உடை: பருத்திச் சுடிதார், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டினால் போதும். பலாசோ போல் தொளதொளப்பானது முழங்காலை மறைக்கும், வேண்டாம். பையன்களுக்கு பைஜாமா. கொலுசைக் கழற்றிவிடுங்கள். சலங்கை வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இப்போது வாங்காதீர்கள், நேரம் வரும்போது டீச்சரே சொல்வார். அரங்கேற்றம் எப்போது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை!

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஆடக் கூடாது. நான்கு மணிக்குள் ஏதாவது லேசாகக் கொடுத்துவிடுங்கள்.

தயவுசெய்து வகுப்பு நடக்கும்போது நீங்கள் நடுவில் திருத்தாதீர்கள். செல்பி கேமராவில் பிள்ளை தன்னைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிப் பார்க்கும். டீச்சருக்கு அது நேராகத்தான் தெரியும். "அந்தக் கை இல்லடி, இந்தக் கை" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தால் பிள்ளை குழம்பும். புது அடவு தொடங்கும்போது டீச்சரே முதுகைக் காட்டி நின்று ஆடிக் காண்பிப்பார். வீட்டில் பெரியவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கப்போகிறேன். வகுப்பைப் பதிவு செய்வதோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதோ கூடாது. திரையில் இருப்பது உங்கள் பிள்ளை மட்டுமல்ல.

வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப்போய்விடுவார் என்ற நிலை சில வீடுகளில் இருப்பது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்காக ஸ்மார்ட் வகுப்பறையை அந்த நேரத்தில் திறந்துவைக்கிறோம். நானோ வேறொரு ஆசிரியரோ உடன் இருப்போம். யார் யார் பள்ளிக்கு வருகிறார்கள் என்பதை வியாழக்கிழமைக்குள் டைரியில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணியிலிருந்து டீச்சர் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு நிமிட வீடியோ அழைப்பில் வருவார். போனை வைக்கும் இடத்தில் வைத்து, பிள்ளையை அரைமண்டியில் நிற்கச் சொல்லித் தயாராக இருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்