கேஸ் கணப்பில் விறகு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கொலம்பஸ் நகரக் குளிருக்கு அம்மாவும் வந்துவிட்டார்கள் என்றதில் மகிழ்ச்சி. கேஸில் எரியும் போலி விறகான கேஸ் கட்டைகளை எடுத்துவிட்டுக் கணப்பில் (குளிர்காயும் அடுப்பில்) விறகு எரிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் புகைபோக்கியிடம்தான் இருக்கிறது.

டாம்பரை, அதாவது புகைவழியை மூடித் திறக்கும் தகட்டை, திறந்து டார்ச் அடித்து மேலே பார். செங்கல்லும் அதற்குள் சுட்ட களிமண் குழாயும் தெரிந்தால் வழியுண்டு. இருப்பது பி-வென்ட் என்ற கேஸுக்கான உலோகக் குழாய் என்றால் அந்த ஆசையையே விட்டுவிடு. அதன் உட்சுவர் அலுமினியம், 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். புகைபோக்கிக்குள் படிந்த கரிப்பிசின் தீப்பிடித்தால் சூடு 1,000 டிகிரியைத் தாண்டும்.

களிமண் குழாய்தான் என்றாலும் கேமரா விட்டுப் பார்க்கச் சொல். எரிபொருள் மாறும்போதும் வீடு கைமாறும்போதும் இப்படி உள்ளே பார்க்கும் இரண்டாம் நிலைச் சோதனை தேவை என்கிறது என்எஃப்பிஏ 211 என்ற அமெரிக்கப் புகைபோக்கிப் பாதுகாப்பு விதி. களிமண் குழாய்த் துண்டுகளுக்கு இடையே பூச்சு உதிர்ந்திருந்தால், அந்த இடுக்கு வழியாகச் சூடு வீட்டின் மரச்சட்டத்துக்குப் போகும்.

அடுத்தது கேஸ் லைன். சுவரில் சாவியால் திருப்பும் வால்வை மூடினால் போதும் என்று நினைக்காதே. அதன் உள்ளிருக்கும் கிரீஸ் நாளடைவில் காய்ந்து மெல்லக் கசியலாம், விவரம் தெரியாமல் யாராவது திருப்பியும் விடலாம். கணப்புக்குள் மட்டும் மூடி போட்டாலும் பயனில்லை, விறகுச் சூட்டில் மரையில் பூசிய பசை வறண்டு விடும். பேஸ்மென்ட்டில் கிளை பிரியும் இடத்திலேயே கழற்றி, மரை வைத்த இரும்பு மூடி போடச் சொல். உரிமம் உள்ள ஆள்தான் செய்ய வேண்டும். கேஸைத் திறந்ததும் மூட்டில் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று கூட நின்று பார். பைப் நுழைந்த ஓட்டையைச் சாதா சிமென்ட்டால் அடைத்தால் நொறுங்கிவிடும், சூடு தாங்கும் சூளைச் சாந்துதான் நிற்கும்.

கேஸ் கட்டை வைத்தவர்கள் டாம்பர் முழுதும் மூடாதபடி ஒரு கிளிப் மாட்டியிருப்பார்கள். இனி அதைக் கழற்றலாம். ஆனால் தணல் அடியோடு அணையும் முன் டாம்பரை மூடாதே, கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். அதற்கு வாசனை கிடையாது. அம்மா படுக்கும் அறைக்கு வெளியே ஓர் அலாரம் கட்டாயம் வை.

கணப்பின் வாய்க்கு முன்னால் கல் தளம் 16 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும், பக்கவாட்டில் 8. வாய் 6 சதுர அடியோ அதற்கு மேலோ என்றால் முன்னால் 20, பக்கவாட்டில் 12. விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஈர விறகுதான் கரிப்பிசினுக்குத் தாய். அது கால் அங்குலத்தில் பாதி படிந்தாலே துடைக்க ஆள் கூப்பிடு.

கேமராப் படங்கள் வந்ததும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை தீ மூட்டாதே. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மணி