ஆறு மணிக்கு ஏன் ஒளிபரப்பு நின்றது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் ஒரு நாள் தொலைக்காட்சி எப்படி இருந்தது என்று சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத பொருள். எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் மாலை ஆறு மணிக்கு ஒளிபரப்பு நின்றுபோனதற்கு அந்தக் காலத்துக் கருவிகளின் போதாமையே காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கருவிகள் தயாராகத்தான் இருந்தன. நிறுத்தியது கொள்கை.

எவ்வளவு நேரம் ஒளிபரப்பலாம் என்பது அப்போது அஞ்சல்துறை அமைச்சரின் கையில் இருந்தது. ஐந்து மணிக்குத் தொடங்கும் சிறுவர் நிகழ்ச்சி ஆறு மணிக்கு முடியும். பிறகு ஏழு மணி வரை ஒன்றும் கிடையாது. சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைக்கவும் பெரிய பிள்ளைகளை வீட்டுப்பாடத்துக்கு உட்கார வைக்கவும் பெற்றோருக்கென்று விடப்பட்ட நேரம் அது. அதற்கு 'டாட்லர்ஸ் ட்ரூஸ்' (மழலையருக்கான போர்நிறுத்தம்) என்று பெயரே இருந்தது. 1955 செப்டம்பரில் ஐடிவி என்ற தனியார் தொலைக்காட்சி வந்த பிறகுதான் இது பெரும் சண்டையானது. விளம்பரத்தையே நம்பியிருந்த ஐடிவி நிறுவனங்களுக்கு, மக்கள் வீடு திரும்பும் மாலையில் ஒரு மணி நேரம் வீணாவது நேரடி நட்டம். பிபிசிக்கோ தொலைக்காட்சி வைத்திருப்போர் கட்டும் உரிமக் கட்டணம் எப்படியும் வந்துவிடும், கூடுதல் நேரத்தை நிரப்பினால் செலவுதான் ஏறும். ஆகவே அந்த இடைவெளி நீடிப்பதையே அது விரும்பியது. அமைச்சர் சார்லஸ் ஹில் அதை நீக்க முடிவு செய்தார். 1957 பிப்ரவரி 16, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முதன்முறையாகத் திரையில் படம் தொடர்ந்தது. பிபிசி அந்த நேரத்தை இளைஞர்களுக்கான இசை நிகழ்ச்சியால் நிரப்பியது. அதற்காகப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை.

செய்தியும் இப்படித்தான். 1954 ஜூலை வரை இரவில் வந்த செய்தி அறிக்கைக்குக் குரல் மட்டும்தான், படம் கிடையாது. செய்திப்படச் சுருள் தனியாக வந்தது. அதன் பிறகும் 1955 செப்டம்பர் வரை வாசிப்பவரின் முகத்தைக் காட்டவில்லை. முகக்குறிப்பே செய்தியின் மீது கருத்துச் சொல்வதாகிவிடும் என்று பிபிசியின் செய்திப் பிரிவு அஞ்சியது. நாடாளுமன்றத்தில் அடுத்த பதினான்கு நாட்களுக்குள் விவாதத்துக்கு வரவிருந்த எதையும் பற்றி வானொலியிலோ தொலைக்காட்சியிலோ விவாதிக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. எகிப்தின் சூயஸ் கால்வாயை ஒட்டி எழுந்த நெருக்கடியின் சூட்டில், 1956இன் இறுதியில்தான் அது நிறுத்திவைக்கப்பட்டது. அந்த நாட்களின் நிகழ்ச்சி நிரலைப் படிக்கும்போது இந்த விதிகளையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

உண்மையாகவே வசதிக் குறைவால் நின்ற நாட்கள் உண்டு. 1947 பிப்ரவரியில், கடுங்குளிரில் நிலக்கரித் தட்டுப்பாடு முற்றியபோது ஏறத்தாழ ஒரு மாதம் தொலைக்காட்சியே இல்லை. கட்டுரையில் அது இடம்பெறவில்லை.

கருவியின் போதாமையைப் பேச வேண்டுமென்றால் நாடகங்களைப் பற்றிப் பேசியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு நேரலையில் நடித்த நாடகத்தை வியாழக்கிழமை மறுபடியும் காட்ட, நடிகர்கள் திரும்ப வந்து முழுவதையும் மீண்டும் நடித்தார்கள். பதிவு செய்வதற்கு ஒரு திரையின் முன் படக்கேமராவை வைத்துப் பிடிப்பதைத் தவிர அப்போது வழியில்லை. 1954 டிசம்பர் 12 அன்று ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவல் நாடகமாக ஒளிபரப்பானது. பீட்டர் குஷிங் நடித்திருந்தார். கொடூரமாக இருக்கிறதென்று எதிர்ப்புக் கிளம்பி நாடாளுமன்றம் வரை போனது. ஆனாலும் பிபிசி பின்வாங்காமல் வியாழக்கிழமை மீண்டும் நடிக்க வைத்தது. இன்று நமக்குக் கிடைப்பது பதிவான அந்த வியாழக்கிழமை நாடகம்தான். நாட்டை உலுக்கிய ஞாயிறு இரவு யாருக்கும் கிடைக்காது. 1953இல் வந்த 'குவாட்டர்மாஸ்' அறிவியல் தொடரின் ஆறு பகுதிகளில் முதல் இரண்டு மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அத்தனை உழைப்பும் இப்படிக் காற்றோடு போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. நிகழ்ச்சிகளுக்கு இடையே காட்டப்பட்ட, குயவர் சக்கரம் சுழலும் இடைவேளைப் படத்தைக் கட்டுரையாளர் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார். அந்தச் சில நிமிடங்களில்தான் அடுத்த நேரலைக்கு அரங்கத்தைத் தயார் செய்தார்கள்.

இரண்டு வேண்டுகோள்கள். ஆறு மணி இடைவெளி பற்றிய திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிட வேண்டும். கட்டுரையாளர் இதே வரிசையில் 1955 செப்டம்பர் 22ஆம் நாளையும் எழுத வேண்டும். ஐடிவி லண்டனில் தொடங்கியது அன்றுதான். அதே இரவில் பிபிசி வானொலி தன் நாள்தொடரான 'தி ஆர்ச்சர்ஸ்' கதையில் கிரேஸ் என்ற பாத்திரத்தைத் தீ விபத்தில் சாகடித்தது. மறுநாள் பல நாளிதழ்களில் புதிய தொலைக்காட்சியைவிட அந்தச் சாவே பெரிய செய்தியாக வந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்